ஆயா சொல்லாத பெயர்

ஆடி அமாவாசைக்கு முதல் நாள் ராத்திரியே அம்மா எள்ளு, பச்சரிசி மாவு, வாழைக்காய், வெற்றிலை பாக்கு எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டு வைத்துவிடுவாள். கோழி கூவுமுன் கிளியனூரை விட்டுக் கிளம்பினால்தான் வெயில் ஏறுவதற்குள் மரக்காணம் கடலில் தலை முழுக முடியும். 1978இல் நான் நாலாம் வகுப்பு. அந்த வருஷம்தான் முதன்முதலாக என்னையும் கூட்டிப் போனார்கள். பெரியப்பாவின் கூண்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன் மேல் கோணி விரித்து, நானும் ஆயாவும் பின்பக்கம் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கழுவெளி ஏரி ஓரமாகப் போகும்போது இருட்டுக்குள் பறவைகள் கத்திக்கொண்டே இருந்தன. கிழக்கு வெளுத்தபோது உப்பளம் தெரிந்தது. கரையில் குவித்து வைத்த உப்புக்குக் கீற்று வேய்ந்திருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளைச் சுவர் வைத்த குடிசைகள் மாதிரி இருந்தன. அந்நேரத்துக்கே ஆணும் பெண்ணும் பாத்தியில் இறங்கிப் பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தார்கள். "இவங்களுக்கெல்லாம் அமாவாசை இல்லையா ஆயா?" என்று கேட்டேன். "கூலி போயிடும்ல" என்றாள்.

கடற்கரையில் ஈர வேட்டியோடு அப்பா மணலில் உட்கார்ந்தார். ஐயர் தர்ப்பையை முடிச்சுப் போட்டு அப்பாவின் விரலில் மாட்டிவிட்டுக் கேட்டார்.

"அப்பா பேரு?"

சொன்னார்.

"பாட்டன் பேரு?"

சொன்னார்.

"பூட்டன் பேரு?"

அப்பா பேசவில்லை. கையில் பிடித்திருந்த எள்ளுத் தண்ணீர் விரலிடுக்கில் சொட்டிக்கொண்டே இருந்தது. அவர் திரும்பிப் பின்னால் நின்ற ஆயாவைப் பார்த்தார். ஆயா முந்தானையை வாயருகே கொண்டுபோய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஐயர் அவசரக்காரர் இல்லை. அவருக்கு இது பழகிய மௌனம்தான் போலிருந்தது. "தெரியலைன்னா மனசுல நெனச்சுக்கிட்டு விடுங்கோ" என்றார். அப்பா தண்ணீரை விட்டார். பெயரில்லாமல் ஒருவருக்குத் தண்ணீர் விடுவது எனக்கு என்னவோ போல இருந்தது. தபால் பெட்டியில் விலாசம் எழுதாத கடிதத்தைப் போட்ட மாதிரி.

திரும்பி வரும்போது நச்சரிக்க ஆரம்பித்தேன். "ஆயா, அந்தத் தாத்தா பேரு ஒனக்குத் தெரியாதா?" ஆயா பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தும் கேட்டேன். எழுந்துபோய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். மறுநாளும் கேட்டேன். "எம் வாயக் கிளறாதடா" என்று அதட்டினாள். ஆயா என்னை அதட்டியது எனக்கு நினைவு தெரிந்து அந்த ஒரு தடவைதான்.

அப்பா மட்டும் ஒரு காரியம் செய்தார். பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கினார்.

அந்தப் பெட்டியைத் திறந்ததும் வரும் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. வசம்பும் காய்ந்த வேப்பிலையும் கலந்த வாசனை. பூச்சி அண்டாமல் இருக்க ஆயா வருஷத்துக்கு ஒரு தடவை பழைய வேப்பிலையைக் கொட்டிவிட்டுப் புதுசு போடுவாள். அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் அந்தக் காகிதங்களை அவள் காப்பாற்றிய மாதிரி எழுத்துத் தெரிந்தவர்கள் யாரும் காப்பாற்றிப் பார்த்ததில்லை. எங்கள் பக்கம் காகிதத்துக்குக் கரையான் ஒரு எதிரி, கடல் பக்கத்து ஈரம் ஒரு எதிரி. அவற்றைவிடப் பெரிய எதிரி போகிப் பண்டிகை. பழையன கழிய வேண்டும் என்று விடியற்காலையில் வாசலில் போட்டுக் கொளுத்துவார்களே, அதில் எத்தனை வீட்டுப் பத்திரங்கள், ஓலைச்சுவடிகள், ஜாதகக் கட்டுகள் எரிந்தன என்பதற்குக் கணக்கே கிடையாது. எதிர்வீட்டில் ஒரு போகிக்கு மூங்கில் கூடையோடு ஓலைக்கட்டைத் தூக்கிப் போட்டு எரித்ததை நானே பார்த்தேன். ஓலை நன்றாக எரியும். பிள்ளைகள் நாங்கள் சுற்றி நின்று மேளம் தட்டினோம். அதில் என்ன எழுதியிருந்தது என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இன்றைக்கும் போகி வந்தால் அந்த வெளிச்சம் என்னை உறுத்துகிறது.

ஆயா பெட்டியில் மஞ்சள் துணியில் சுற்றி ஒரு பத்திரம் இருந்தது. அப்பா அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இது எங்க அப்பா எழுதின போக்கியப் பத்திரம். இதுல பூட்டன் பேரு எங்க இருக்கப்போவுது" என்று திரும்பவும் சுற்றப்போனார். நான் பிடுங்கிக்கொண்டேன். எதற்காகப் பிடுங்கினேன் என்று எனக்கே தெரியாது. எடுத்துக்கொண்டு கணக்குப்பிள்ளை வீட்டுக்கு ஓடினேன்.

கணக்குப்பிள்ளை என்றால் கிராமக் கர்ணம். அவர் வீட்டுத் திண்ணைதான் ஊருக்கு ஆபீஸ். அடங்கல், சிட்டா, அ பதிவேடு, புலப்படம் எல்லாம் உள்ளே ஒரு மர அலமாரியில் சிவப்புத் துணிக் கட்டுகளாக இருக்கும். பிறப்பு இறப்புப் பதிவு மட்டும் மணியக்காரர் வீட்டில். கணக்குப்பிள்ளைக்கு அப்போதே கண்ணில் பூ விழ ஆரம்பித்திருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, பழைய கட்டுகளை உரக்கப் படிக்கச் சொல்வார். கூலி ஒரு பனங்கற்கண்டு. அப்படித்தான் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தராத எழுத்துகளை நான் கற்றுக்கொண்டேன். ௵ என்றால் வருஷம், ௴ என்றால் மாசம், ௳ என்றால் தேதி. ௹ ரூபாய். ௸ வந்தால் மேற்படி என்று வாசிக்க வேண்டும். மாகாணி, அரைக்கால், முந்திரி என்று நிலத்தைத் தங்கத்தைப் போல நறுக்கிய பின்னங்கள். பசலி என்று போட்டிருந்தால் 590ஐக் கூட்டினால் இங்கிலீஷ் வருஷம் வந்துவிடும், அந்த வருஷம் ஜூலை முதல் தேதி பிறந்தது என்று வைத்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் அவர் கதை மாதிரி சொல்வார்.

பத்திரத்தைக் கொடுத்தேன். தடவிப் பார்த்தார். "படி" என்றார்.

வலது பக்க மேல் மூலையைக் கரையான் தின்றிருந்தது. இங்கிலீஷ் தேதி இருக்க வேண்டிய இடம் அது. அதற்குப் பக்கத்தில் தாது ௵ ஐப்பசி ௴ என்று மட்டும் தப்பியிருந்தது. கிளியனூரிலிருக்கும் இன்னார், தன் குடும்பச் செலவுக்காகவும் பசிக்காகவும், ஏரிப் பாய்ச்சலில் உள்ள நிலத்தைப் போக்கியமாக வைத்துப் பெற்றுக்கொண்டது ௹ ௩௰. முப்பது ரூபாய். இன்னார் என்ற இடத்தில் இருந்தது என் தாத்தாவின் பெயர்தான். ஆயாவின் புருஷன் பெயர்.

"இது ஒங்க தாத்தா எழுதினதுன்னு யாருடா சொன்னது?"

"அப்பா."

"தாது வருஷம் எப்ப வந்துச்சு தெரியுமா? பிரபவ, விபவ, சுக்கில..." என்று விரல் மடக்கிக்கொண்டு போனார். "பத்தாவது தாது. 1936ல வந்துச்சு. அதுக்கு அறுபது வருஷம் முன்னாடி, 1876லயும் வந்துச்சு. இது எந்தத் தாது?"

எனக்குத் தெரியவில்லை.

"காகிதத்தை வெளிச்சத்துல பிடி. முத்திரைல தலை இருக்கா? ராஜாவா ராணியா?"

மங்கிப்போயிருந்தது. கொண்டை மட்டும் தெரிந்தது. "ராணி" என்றேன்.

"1936ல ராணி ஏதுடா? தாடி வச்ச ராஜா இருக்கணும். இது விக்டோரியா ராணி. அப்ப இது பெரிய பஞ்சத்து தாது. ஒங்க தாத்தா அப்ப பொறக்கவே இல்ல. திருப்பு."

பின்பக்கம் வேறு மசி, வேறு கையெழுத்து. அசலும் வட்டியும் தீர்ந்து பைசலாகிவிட்டபடியால், ௸யார் குமாரர் இன்னார் வசம் இந்தப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தேன் என்று இருந்தது. அந்தக் குமாரர் பெயரைப் படித்ததும் நானே நிறுத்திவிட்டேன். கடற்கரையில் அப்பா இரண்டாவதாகச் சொன்ன பெயர். பாட்டன் பெயர். அப்பா முன்பக்கத்தோடு நிறுத்தியிருக்கிறார், திருப்பிப் பார்க்கவே இல்லை.

கணக்குப்பிள்ளை சிரித்தார். "தாத்தன் பேரத்தான்டா பேரனுக்கு வைப்பாங்க. அதனாலதான் அவன் பேரன். பெயரன். ஒங்க அப்பன் மொதல்ல சொன்னானே, அந்தப் பேருதான் மூணாவது பேரும்."

முன்பக்கத்தின் கீழே, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி. மேல்கோடு நேராக வந்திருக்கிறது. குறுக்குக்கோடு ஆரம்பத்தில் மசி தேங்கி, பிறகு இழுபட்டு, முனையில் பிசிறிவிட்டது. பக்கத்தில் எழுதினவர் கையால், இது இன்னார் கீறல் என்று குறிப்பு. கையெழுத்து அறியாதவன் போடும் அடையாளத்துக்குத்தான் தற்குறி என்று பெயர். அந்தச் சொல் பிறகு வசவாகிவிட்டது. எனக்கு அது வசவாகப் படவில்லை. என் விரலை அந்தக் கோட்டின் மேல் வைத்து, அவர் கை போன வழியே நானும் ஒரு தடவை போனேன். காகிதம் அந்த இடத்தில் லேசாகப் பள்ளமாக இருந்தது. பேனாவை அழுத்திப் பிடித்திருக்கிறார்.

நூறு ரூபாய்க்கு உட்பட்ட பாத்தியதை என்றால் ரிஜிஸ்தர் செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அன்றைக்கு இல்லை. ஆகவே இந்த முப்பது ரூபாய்ப் பத்திரத்துக்கு எந்தச் சார்பதிவகத்திலும் நகல் கிடையாது. ஆயாவின் வசம்பு இல்லாமலிருந்தால் அந்த மனிதர் இந்த உலகத்தில் இருந்ததற்கு ஒரு சாட்சியும் மிஞ்சியிருக்காது.

வீட்டுக்கு ஓடிவந்து கூடத்தில் நின்று பெயரை உரக்கச் சொன்னேன். ஆயா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. அப்போதுதான் அம்மா சொன்னாள்: "அவங்களுக்குத் தெரியாமலாடா இருக்கும்? புருஷன் பேர எப்படிச் சொல்லுவாங்க?"

சங்கக்கடையில் ஆயாவோடு போனால் புருஷன் பெயர் கேட்பார்கள். ஆயா என் முதுகில் ஒரு குத்து வைப்பாள், நான் சொல்வேன். நான் இல்லாத நாளில் "மலை மேல நிக்கிற சாமி பேரு" என்று சொல்லி அவர்களையே கண்டுபிடிக்க விடுவாள். அதே பெயர்தான் மாமனாரின் அப்பாவுக்கும். கடற்கரையில் அத்தனை பேர் நடுவில் மகன் திரும்பிப் பார்த்தபோது அவளுக்குப் பெயர் நாக்கு நுனி வரை வந்திருக்க வேண்டும். சொல்லாமல் நின்றாள். தெரியாதவள் என்று நாங்கள் முடிவு கட்டிவிட்டோம்.

அடுத்த ஆடி அமாவாசைக்கு அப்பா மூன்று பெயரையும் சொன்னார். முதல் பெயரும் மூன்றாவது பெயரும் ஒன்று என்றதும் ஐயர் தலையாட்டிக்கொண்டார்.

என் சின்ன வயதுக் கர்வம் இதோடு முடிந்திருந்தால் இதை இப்போது எழுதியிருக்க மாட்டேன். உப்பளத்தில் அமாவாசை இல்லாமல் வேலை செய்தார்களே, அவர்கள் விஷயம் பல வருஷம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. எங்களுக்குத் துண்டு நிலம் இருந்தது. நிலம் இருந்ததால் பத்திரம், பத்திரம் இருந்ததால் பூட்டன். கூலிக்கு உப்பு வாரினவர் பெயர் சிட்டாவிலும் வராது, அடங்கலிலும் வராது, பட்டாவிலும் வராது. மணியக்காரரின் பழைய பிறப்புப் பதிவைப் புரட்டினால் பாதிக்கு மேல் குழந்தையின் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். ஆண், பெண் என்று மட்டும் எழுதித் தகப்பன் பெயரைப் போட்டிருப்பார்கள். குடிமதிப்புக் கணக்கில் தலைகளை எண்ணினார்கள், ஆனால் இங்கே ஒரு தனி மனிதன் தன் தாத்தாவின் தாளைப் போய்ப் பார்க்க முடியாது. இங்கிலாந்தில் நூறு வருஷம் கழித்து அதைத் திறந்துவிடுகிறார்கள். 1921ஆம் ஆண்டுக் கணக்கை 2022இல் திறந்தார்கள். இங்கே கோயில் சுவரில் சோழர் காலத்தில் விளக்குக்கு ஆடு கொடுத்தவன் பெயர் நிற்கிறது. மரக்காணம் பூமீசுவரர் கோயில் கல்வெட்டுகளைச் சுற்றி நின்று படிக்கிறோம். அந்தக் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் உப்பு வாரின குடும்பங்களுக்கு மூன்று தலைமுறைக்கு மேல் பெயரில்லை.

ஆயா ஒரு கதை சொல்வாள். தாது வருஷப் பஞ்சத்தில் பூட்டனின் தம்பி, பாகத்தில் ஒன்றும் மிஞ்சாதவர், "கப்பல் ஏறிட்டாரு" என்று. எந்த ஊருக்கு என்று தெரியாது. மோரீசு என்று ஒரு தடவை சொல்வாள், நேட்டால் என்று ஒரு தடவை சொல்வாள். பெரியவனாகி எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போகத் தொடங்கியபோது அந்தத் தம்பியைத்தான் முதலில் தேடினேன். 1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு டர்பனில் போய் நின்றது. அன்றிலிருந்து 1911 வரை நேட்டாலுக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனார்கள். தென்னாற்காடு, வடாற்காடு, செங்கல்பட்டு ஜில்லாக்காரர்கள் அதில் ஏராளம். கரும்புத் தோட்டத்தில் ஐந்து வருஷ ஒப்பந்தம். ஆளுக்கு ஒரு எண். அந்த எண்ணுக்கு நேரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுக்கா, கிராமம், உடம்பில் உள்ள மச்சம் தழும்பு வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதினார்கள், அன்பினால் இல்லை. ஆனாலும் எழுதினார்கள். அந்தப் பட்டியல்கள் அழியாமல் இருக்கின்றன. டர்பனில் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையத்துக்குப் பேரப்பிள்ளைகள் எண்ணை எடுத்துக்கொண்டு போகிறார்கள். மொரீசியசில் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் சிலருக்குப் புகைப்படமே இருக்கிறது. ஊரிலேயே இருந்து உப்பு வாரிச் செத்த எவனோ ஒரு அண்ணனுக்கு ஒரு வரி இல்லை. கப்பல் ஏறிய அவன் தம்பிக்கு நெற்றித் தழும்பு வரை பதிவாகியிருக்கிறது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது.

நேட்டால் பட்டியலில் தென்னாற்காடு, திண்டிவனம் என்று வரும் வரிகளில் விரல் வைத்துக்கொண்டே போயிருக்கிறேன். சென்னைத் துறைமுகத்தில் காதில் விழுந்தபடி இங்கிலீஷில் எழுதின ஊர்ப் பெயர்கள். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால்தான் நம்மூர்ப் பெயர் வெளியே வரும். எங்கள் ஆளை இதுவரை நான் காணவில்லை. தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

எங்கள் ஊருக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில் புதுச்சேரி எல்லை வந்துவிடும். அங்கே பிரெஞ்சுக்காரன் பிறப்பு, கல்யாணம், இறப்பு மூன்றையும் புத்தகம் போட்டு எழுதினான். 1962இல் புதுச்சேரியை இந்தியாவுக்குக் கொடுத்த ஒப்பந்தம் அமலுக்கு வந்து, ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளலாம் என்றபோது அந்தத் தாள்கள் தங்கமாகிவிட்டன. அங்கே வாழ்க்கைப்பட்ட அத்தை வீட்டில் மாமாவின் தாத்தா பிறந்த பதிவின் நகலைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள், சாமி படத்துக்குப் பக்கத்தில். சின்ன வயதில் அதைப் பார்த்துவிட்டு வந்தால் எங்கள் வீட்டுச் சுவர் வெறுமையாகத் தெரியும்.

கணக்குப்பிள்ளையின் அலமாரி காலியான நாளைச் சொல்ல வேண்டும். 1980 நவம்பர் 14ஆம் தேதி, எம்.ஜி.ஆர். ஆட்சியில், பரம்பரையாக இருந்துவந்த கிராம அதிகாரிகள் பதவிகளை அவசரச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். தலைமுறை தலைமுறையாக ஒரே வீட்டில் அதிகாரம் தங்கியிருந்தது சரியில்லைதான். அந்த மாற்றம் வேண்டியதுதான் என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் காகிதங்களை எடுத்துப்போன விதம் வேறு. ஒரு மாட்டு வண்டி வந்தது. சிவப்புத் துணிக் கட்டுகளை வைக்கோல் மாதிரி அடுக்கினார்கள். ஐப்பசித் தூறல் வேறு. மூடுவதற்குத் தார்ப்பாய் இல்லை. கணக்குப்பிள்ளை தன் படுக்கை ஜமுக்காளத்தைக் கொண்டுவந்து போர்த்தினார். கட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, இது எந்தப் பசலி என்று கையாலேயே சொல்லிக்கொண்டு வந்தார். எழுதிக்கொள்ள வந்தவர் எண்ணிக்கையை மட்டும் எழுதிக்கொண்டார். பல வருஷம் கழித்து ஒரு ஆபீசில் அந்தக் கட்டுகளைக் கேட்டு நின்றேன். சுவரோரம் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டி அப்பளம் மாதிரி இருந்தவற்றைக் காட்டினார்கள். ஒன்றைப் பிரித்தேன், கையோடு உதிர்ந்தது.

வண்டி போன அன்று ராத்திரி கரண்ட் இல்லை. ஆயா அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு என் பாயண்டை வந்து உட்கார்ந்தாள்.

"ஊர்க் கணக்கெல்லாம் போயிடுச்சாமே."

"ஆமா ஆயா."

"நீ எழுதுவியா?"

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். ஆயா சொல்ல ஆரம்பித்தாள். முதலில் அவளுடைய அம்மா பெயர். பிறகு அந்த அம்மாவின் அம்மா பெயர், அவள் கழுவெளிக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரி. காலராவில் போன இரண்டு அக்காமார். வாழ்க்கைப்பட்ட இடத்தில் முதல் பிரசவத்திலேயே செத்துப்போன தங்கச்சி. ஆயா பெற்றுப் பறிகொடுத்த மூன்று பிள்ளைகள். அதில் ஒன்றுக்குப் பெயர் வைக்கவில்லை, "பதினோரு நாள்தான் இருந்துச்சு, பொண்ணு" என்று எழுதச் சொன்னாள். எந்தப் பட்டாவிலும் எந்தப் பத்திரத்திலும் வராத பெயர்கள். ஒவ்வொன்றையும் எழுதியதும் திருப்பிப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். சரியில்லை என்றால் அடித்துத் திருத்தச் சொன்னாள். பெண்களின் பெயர்களை அவள் அவ்வளவு தாராளமாகச் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. நோட்டில் இரண்டு பக்கம் நிரம்பியது.

தாத்தா வரிசைக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"அந்த எடத்துல நீயே எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டு, விளக்குத் திரியைத் தூண்டுகிறவள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.